செருப்பு ஓங்கிய பெண்

வண்டி இன்னும் கிளம்பவில்லை, அதற்குள் இறங்கிவிடலாமா என்று ஃபிலோமினா இரண்டு தடவை யோசித்துவிட்டாள். ஜன்னலோர இடம். வெயில் முழங்கையில் சுட்டது. கண்டக்டர் படியில் நின்று தஞ்சாவூர் தஞ்சாவூர் என்று பாதித் தூக்கத்தில் கூவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கழுத்தில் ஏதோ கம்பெனி அடையாள அட்டை, ஏறியதிலிருந்து போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய கட்டைவிரல் ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு குழந்தை, ஒரு பிரியாணி அண்டா, யாரோ அழுகிறார்கள், யாரோ ஆடுகிறார்கள், ஒரு நாய். அடுத்ததாக நான் வந்துவிடுவேனோ என்று ஃபிலோமினாவுக்குத் தோன்றியது. நான் என்றால் இந்த நான் இல்லை. கண்ணாடி போட்டு, நரைக்குச் சாயம் அடிப்பதையும் விட்டுவிட்டு, கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற நான் இல்லை. தாவணி போட்டு, ஒற்றைச் சடை முன்னால் விழுந்து கிடக்க, வலது கையில் செருப்பை ஓங்கிக்கொண்டு வாயைத் திறந்து கத்துகிற நான். பக்கத்தில் தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு ஒரு இளைஞன். பின்னால் மெயின்கார்டு கேட் வளைவு, ஒரு டவுன் பஸ்ஸின் முதுகு. கறுப்பு வெள்ளை. கீழே சிவப்பு எழுத்தில்: ‘1983. பஸ் ஸ்டாப்பில் சீண்டியவனைச் செருப்பால் அடித்த திருச்சிப் பெண். இன்றைய பெண்களே, பாருங்கள்!’ எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று மருமகள் ஷைனி சொன்னாள்; கணக்கு டீச்சராக இருந்தும் அந்த எண் ஃபிலோமினாவின் மனசில் நிற்கவில்லை. திருச்சி ஊரையே கூட்டிவைத்தாலும் அவ்வளவு பேர் வர மாட்டார்களே, அத்தனை பேரும் எங்கே நின்று பார்த்தார்கள் என்றுதான் தோன்றியது.

வண்டி நகர்ந்தது. காற்று வந்ததும் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. முதலில் சந்தோஷமாகத்தானே இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஷைனி பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, “அத்தை, அத்தை, இது நீங்கதானே, கல்யாண ஆல்பத்துல இருக்கிற அதே மூக்கு” என்று கத்தியபோது சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒரு ஸ்டுடியோக்காரர், மாடியிலிருந்து தெருவைப் படம் எடுக்கிற பழக்கம் உள்ளவர், செத்துப்போய்விட்டார். அவர் மகன் பழைய நெகட்டிவ்களைக் கழுவி, ‘அப்பா எடுத்த படங்கள்’ என்று மட்டும் போட்டு ஒரு குழுவில் ஏற்றியிருக்கிறான். பாவம், அவன் வேறெதுவும் எழுதவில்லை. எழுதியவர்கள் வேறு யாரோ. ஷைனி அதன் கீழே ‘இவர் என் மாமியார்’ என்று போட்டுவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே ஃபிலோமினா வேறு ஆளாகிவிட்டாள். அவள் கணவர் ஞானப்பிரகாசம் தன் நடைப்பயிற்சி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் தானே எழுந்து காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் பால் பொங்குவதைப் பார்த்ததே இல்லை. “அந்தக் காலத்துலயே அவ அப்படித்தான், நான் பொண்ணு பாக்கப் போனப்பவே பயந்துகிட்டுத்தான் போனேன்” என்று யாரிடமோ போனில் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் பயப்படவே இல்லை, கேசரியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார், ஃபிலோமினா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள். ஆனால் அவர் சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரி இல்லை. நிஜமாகவே பயந்த ஞாபகம் அவருக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், “நம் பங்கிலேயே ஒரு வீரப்பெண் இருக்கிறார்” என்றபோது கோயிலே திரும்பிப் பார்த்தது. எழுந்து, ‘சாமி, அது அப்படி இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள், அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். காதுமடல் சூடாக இருந்தது. அந்தச் சூடு நன்றாகவும் இருந்தது.

அரியமங்கலம் தாண்டியதும் குப்பை எரிகிற வாடை வந்தது. பக்கத்துப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் தள்ளிக்கொண்டே இருந்தாள். அது அப்படி இல்லை. எப்படி? சொல்லிப் பார்ப்போம், ஒழுங்காக, முதலிலிருந்து. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். மரப்படி, ஒவ்வொரு படியும் ஒவ்வொரு மாதிரி முனகும். மேலே போனால் மழை பெய்கிற மாதிரி சத்தம், முப்பது மெஷின் ஒரே நேரத்தில். ரிப்பன் மை வாசனையும், கீழே கடையிலிருந்து வரும் மசால் வடை வாசனையும். ஃபிலோமினாவும் அவள் சிநேகிதி கஸ்தூரியும் பி.எஸ்ஸி. கடைசி வருஷம், ஐந்து மணி வகுப்பு. அடுத்த மெஷினில் அம்பலவாணன். பூதலூரிலிருந்து தினம் பாசஞ்சரில் வருகிறவன். ஒல்லி. தலைமுடிதான் அவனுடைய ஒரே சொத்து. எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, முன்னால் ஒரு சுருளை ஏற்றி விட்டிருப்பான். ரயில் காற்றில் அது கலைந்துவிடும் என்று படியேறுவதற்கு முன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துச் சரிசெய்துகொள்வான் என்று கஸ்தூரி கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். அவனோடு பேசியது ரொம்பக் கொஞ்சம். “ஏங்க, உங்க பேப்பர் கீழ விழுந்துடுச்சு.” “ஏங்க, ‘ரிசீவ்’ல எது முன்னாடி, ஈயா ஐயா?” அவனுக்கு ஸ்பெல்லிங் எல்லாம் நன்றாகத் தெரியும். நூலகத்திலேயே பழியாகக் கிடக்கிறவன். கேட்பதற்காகக் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் யோசிக்கிற மாதிரி யோசித்துப் பதில் சொல்வாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவன் வேறு சாதி, வேறு சாமி. அந்த நாளில் இருவர் ஒரே குடைக்குள் நடந்தால் மலைக்கோட்டையிலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதையே எத்தனையோ சாயங்காலம் அவள் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள், வெல்லக்கட்டியை வாயில் ஒதுக்குகிற மாதிரி.

அன்றைக்கு வகுப்பு முடிந்து மூன்று பேருமாக மெயின்கார்டு கேட் வந்தார்கள். மூன்று பேருமாக என்றால், கஸ்தூரியும் அவளும் முன்னால், அவன் நாலடி பின்னால். தெருவைக் கடக்கும்போது அவள் வலது செருப்பின் வார் அறுந்தது. கஸ்தூரி கவனிக்காமல் ஓடிப்போய் எதிரே நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் நகர்கிறது. ஃபிலோமினா அறுந்த செருப்பைக் கையில் எடுத்து, தலைக்கு மேலே தூக்கி ஆட்டி, “கஸ்தூரீ, போயிடாதடீ, செருப்பு அறுந்துடுச்சூ” என்று கத்தினாள். பக்கத்தில் வந்து நின்ற அம்பலவாணனின் அந்தச் சுருளில் செருப்பு லேசாகப் பட்டுவிட்டது. அவன் ஐயோ என்று இரண்டு கையாலும் முடியைப் பொத்திக்கொண்டு குனிந்தான். சிரித்தான். குனிந்து சிரித்ததால் படத்தில் சிரிப்புத் தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு கணத்தில்தான் மாடியில் ஒரு மனிதர் கேமராவை அமுக்கியிருக்கிறார். இன்னும் ஒரு நிமிஷம் கழித்து அமுக்கியிருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும். கஸ்தூரி போய்விட்டாள். ஃபிலோமினா ஒற்றைச் செருப்போடு நிற்கிறாள். அம்பலவாணன் தன்னுடைய ரப்பர் செருப்பைக் கழற்றி அவள் முன்னால், தொடாமல், காலால் நகர்த்தி வைத்துவிட்டு, “நீங்க போட்டுக்குங்க, நான் ஜங்ஷன்தானே, பஸ்ஸுல போயிடுவேன்” என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு ஓடிப்போய் வண்டியில் தொற்றிக்கொண்டான். தார் உருகுகிற மே மாதம். அந்தச் செருப்பு அவளுக்கு அரை சாண் பெரிது. தரையில் டப் டப் என்று அடித்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் கொல்லையில் கழுவிக் காயவைத்து, மறுநாள் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கி, பேப்பரைப் பிரிக்காமல் மெஷின் பக்கத்திலேயே வைத்திருந்தான்.

மே மாதமா? பிஎச்இஎல் குடியிருப்பு மதில் ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம் என்றால் பரீட்சை முடிந்திருக்குமே, கஸ்தூரி ஊருக்குப் போயிருப்பாளே. படத்தில் ஒருவர் குடை பிடித்திருக்கிறார். மழையா, வெயிலா? அவன் செருப்புக் கொடுத்தது அன்றைக்கா, வேறொரு நாளா? இதற்கு முன்னால் இந்தச் சந்தேகம் வந்ததே கிடையாது. நாற்பது வருஷம் ஒரு இடத்தில் பத்திரமாக இருந்த சாயங்காலம் அது. பாத்திரம் தேய்க்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, பிரசவ வார்டில் படுத்திருந்தபோதுகூட எடுத்துப் பார்த்திருக்கிறாள், ஒரு தடவையும் நிறம் மாறியதில்லை. இப்போது மாறுகிறது. போன வாரம் அவள் அண்ணன் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அதே படம், யாரோ கம்ப்யூட்டரிடம் கொடுத்து வண்ணம் ஏற்றி அசைய வைத்திருக்கிறார்கள். தாவணி நீலமாக இருந்தது, அது அரக்கு. பஸ் நகர்ந்தது. வளைவுக்கு மேலே புறா பறந்தது. ஓங்கிய கை கீழே இறங்கியது. செருப்பு அவன் தலையில் விழுந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. அவள் முகத்தில், தன் முகத்தில், அவளுக்குத் தெரியாத ஒரு கோபம். அதைப் பார்த்த நாளிலிருந்து கண்ணை மூடினால் கை இறங்குகிறது. உள்ளங்கையில் செருப்பின் கனம் தெரிகிறது. அடித்தால் எப்படி இருக்கும் என்ற அதிர்வு தோள்வரைக்கும் வருகிறது. நடக்காத ஒன்றுக்குக் கை எப்படி வலிக்கும்?

கை வலிக்கக் காரணம் இருந்தது. அதுதான் யாரிடமும் சொல்ல முடியாத இடம். வேறொரு நாள், அதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸில் கூட்டத்தில் ஒரு ஆள். நல்ல வெள்ளை வேட்டி, நெற்றியில் பொட்டு, அப்பா வயது. அவன் கை இடுப்பில் வந்து நின்றது. தள்ளினாள். மறுபடி வந்தது. காவிரிப் பாலம் முழுக்க, அவ்வளவு நீளப் பாலம் முழுக்க, அந்தக் கை இருந்தது. கத்தவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்து, அம்மா கேட்டபோது பஸ் கிடைக்கவில்லை என்றாள். அந்த ஆளுக்குப் படம் கிடையாது. அவன் நிம்மதியாகச் செத்திருப்பான், மாலை போட்டிருப்பார்கள். இந்தப் படத்தை எல்லோரும் கொண்டாடியபோது காதுமடல் சூடானதே, அது அவனுக்காக ஓங்கிய செருப்பு என்று அவள் உடம்பு எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு நாள் முழுக்க, ஒரே ஒரு நாள், அவன் தலையில்தான் அது இறங்கியது. அப்புறம்தான், அந்தச் செருப்புக்குக் கீழே இருப்பது அம்பலவாணன் என்று உறைத்தது. இன்னொன்றும் இருந்தது. ஓசூரிலிருந்து ஒரு பெண் அவளுக்குத் தனியாக எழுதியிருந்தாள்: ‘அம்மா, உங்க படத்தை டேபிள்ல ஒட்டி வெச்சிருக்கேன். அதைப் பாத்துத்தான் இன்னிக்கு எங்க சூப்பர்வைசர் மேல கம்ப்ளைன்ட் எழுதிக் கொடுத்தேன். கை நடுங்குச்சு, ஆனா கொடுத்துட்டேன்.’ அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் எழுதுவது? அது நான் இல்லை கண்ணு, நான் பாலம் முழுக்கப் பேசாமல் நின்றவள் என்றா? நன்றாக இரு என்று மட்டும் எழுதினாள். அதுவும் பொய்யில்லை.

வண்டி துவாக்குடியில் நின்று கிளம்பியது. பக்கத்துப் பெண் சட்டென்று திரும்பி, “ஆன்ட்டி, செங்கிப்பட்டி வந்தா சொல்றீங்களா, இதுல மூழ்கினா எனக்கு ஸ்டாப் தெரியாது” என்றாள். “சொல்றேம்மா.” அந்தப் பெண் தன் முகத்தையே ஒரு நொடி அதிகமாகப் பார்க்கிறாளோ? இல்லை. கூந்தலை ஒதுக்கிக்கொண்டு மறுபடி போனுக்குள் இறங்கிவிட்டாள். ஃபிலோமினா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்பலவாணனை எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ. படத்தில் முகமே தெரியவில்லை. ஆனால் பூதலூர்க்காரர் ஒருவர், ‘இது எங்க ஊர் அம்பலவாணன் மாதிரி இருக்கே, அந்தச் சட்டை, அந்த முடி’ என்று விளையாட்டாக எழுதினாராம். அது போதுமாக இருந்தது. தஞ்சாவூரில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் வீட்டில் இருக்கிறார் என்று அரை நாளில் எல்லாம் வந்துவிட்டது. ‘இவனா பொம்பளப் பிள்ளைங்க வர்ற லைப்ரரியில இருந்தான்?’ ‘எத்தனை பேரோ!’ அவர் பேசுவதாக இருந்த ஒரு வாசகர் கூட்டத்துக்கு, தயவுசெய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் சொன்னது அவர் மகள் மணிமொழி. எங்கிருந்தோ நம்பர் பிடித்துக் கூப்பிட்டாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். “நீங்கதான் படத்துல இருக்கிற அம்மாவா? அப்பா வெளியில வர மாட்டேங்கறாரும்மா. ஷேவ் பண்ணிக்க மாட்டேங்கறார். என்ன நடந்துச்சுன்னு கேட்டா, எனக்கே சரியாத் தெரியலம்மாங்கறார். எனக்கே இப்ப பயமா இருக்கு. எங்கப்பா என்ன பண்ணார்னு நீங்க சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் மூச்சை அடக்கிக் காத்திருந்தது இந்தப் பக்கம் கேட்டது. “ஒண்ணுமே பண்ணலை, கண்ணு” என்று சொல்லும்போது ஃபிலோமினாவின் குரல் உடைந்துவிட்டது. உடைந்ததாலேயே அந்தப் பெண் நம்பினாளோ, நம்பாமல் போனாளோ.

அன்றே அந்தப் படத்தின் கீழே எழுதினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி: ‘இந்தப் படத்தில் இருப்பது நான். என் செருப்பு அறுந்துவிட்டது. சிநேகிதியைக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருப்பவர் என்னோடு படித்த நல்ல மனிதர். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.’ பாடம் எழுதிக் காட்டுகிற பிள்ளை மாதிரி அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். வந்தது. ‘பாவம் அம்மா, இத்தனை வருஷம் ஆகியும் பயம் போகலை.’ ‘குடும்பத்துல மிரட்டியிருப்பாங்க.’ ‘இது போலி கணக்கு, உண்மையான வீரத்தாய் இப்படி எழுத மாட்டார்.’ உண்மையான வீரத்தாய். அவள் மறுபடி எழுதினாள், நான்தான் என்று. ஒருவன் சிரிக்கிற முகம் போட்டான். அவ்வளவு லட்சம் பேர் அவளைப் பார்த்தார்கள், அவள் பேச வாயைத் திறந்தால் அவளைத் தவிர எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. ஞானப்பிரகாசம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “எதுக்கு ஃபிலோ இதெல்லாம்? நல்ல பேருதானே வந்திருக்கு. நான் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, இப்பப் போயி இல்லைன்னா என்னை என்ன நெனப்பாங்க?” என்றார். “அவரை என்ன நெனைக்கறாங்கன்னு பாருங்க.” “அவரு யாரு உனக்கு?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே வேறு பக்கம் பார்த்தார். என்ன பதில் சொல்வது? ‘ரிசீவ்’ல எது முன்னாடி என்று கேட்டவர். இன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் புடவை மாற்றிக்கொண்டு, “தஞ்சாவூர் போயிட்டு வர்றேங்க” என்றாள். அவர் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, “குடை எடுத்துக்கோ, வெயிலு” என்று மட்டும் சொன்னார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

செங்கிப்பட்டியில் அந்தப் பெண்ணை எழுப்புகிற மாதிரி தோளைத் தொட்டுச் சொன்னாள். “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்று சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள், அவளுக்கு ஃபிலோமினா வெறும் ஆன்ட்டி. அந்த வெறும் ஆன்ட்டி எவ்வளவு சுகமாக இருந்தது. பூதலூருக்குத் திரும்புகிற சாலை ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனது; அவன் ஊரைப் பார்த்ததே இல்லை, இன்றைக்கும் பெயர்ப்பலகை மட்டும்தான். வெறுங்காலோடு ரயிலிலிருந்து இறங்கி அந்த இருட்டில் வீட்டுக்குப் போய், செருப்பு எங்கேடா என்று கேட்டிருப்பார்களே, என்ன சொன்னானோ. இதை எப்படி நாற்பது வருஷம் ஒரு தடவைகூட யோசிக்காமல் இருந்தேன்? தன்னுடைய பக்கத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வல்லம் மேடு வந்தது. என்ன சொல்லப் போகிறேன்? மன்னிச்சிடுங்கன்னா? நான் ஒன்றும் செய்யவில்லையே. செய்யாத இரண்டு பேர் உட்கார்ந்து என்ன பேச முடியும்? அவர் கதவைத் திறக்காவிட்டால்? திறந்து, ஏம்மா இப்படிப் பண்ணினே என்று கேட்டுவிட்டால்?

மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில் ஆட்டோ நின்றது. மணிமொழி கதவைத் திறந்தாள். களைத்த முகம், ஆனால் கண்ணில் ஒரு நன்றி. உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். வழுக்கைத் தலை, வெள்ளை முள்தாடி. இவரா? ஆனால் எழுந்து நின்ற விதம், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியைப் பிடித்துக்கொண்ட விதம், அதேதான். “வாங்க” என்றார். “என்னை அடையாளம் தெரியுதா?” என்று கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தினம் பாக்கறேனே” என்றார் அவர். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, உள்ளதைச் சொல்கிற மாதிரி. மகளைப் பார்த்து, “காபி போடும்மா” என்றார். அவள் உள்ளே போய்ப் பாத்திரச் சத்தம் கேட்கிறவரைக்கும் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்காக மறைக்கக் கூடாது” என்றார்.

“கேளுங்க.”

“அன்னைக்கு நான் உங்ககிட்ட ஏதாவது சொன்னேனா?”

“என்ன சொன்னீங்க?”

“அதைத்தான் கேக்கறேன்.” அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “அப்பக் கொஞ்ச நாளாவே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன். ரயில்ல வரும்போது சொல்லிப் பாப்பேன். மெஷின்ல அடிச்சுக்கூடப் பாத்தேன், கிழிச்சுப் போட்டேன். அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல சொல்லிடணும்னுதான் பக்கத்துல வந்தேன். சொல்லலை, கோழை மாதிரி வந்துட்டேன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப இவ்வளவு பேர் சொல்றாங்க. ஒரு வீடியோல உங்க கை இறங்குது. நான் சொல்லி, நீங்க அடிச்சு, அது தாங்காம நான்தான் மறந்துட்டேனோன்னு… ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்கறேங்க. இப்ப எனக்கு அடிச்ச ஞாபகம்கூட வருது.”

அவளுக்கும்தான் வந்திருந்தது. அந்த உள்ளங்கைக் கனம். வெளியே அத்தனை பேர் சேர்ந்து எழுதிய ஒரு சாயங்காலத்துக்குள் இவர்கள் இருவரும் தனித்தனியாக, வேறு வேறு ஊரில், மெதுவாக நுழைந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவர் சொல்ல நினைத்தது என்னவென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அது அவள் மேல் வந்து உட்கார்ந்தது, பாரமாக இல்லை. அரக்குத் தாவணியில், ஒற்றைச் செருப்போடு, கத்திக்கொண்டு நின்ற பெண்ணுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் கத்தியிருக்க மாட்டாள். பஸ் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஃபிலோமினா தன் டீச்சர் குரலை எடுத்துக்கொண்டாள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். “நீங்க ஒண்ணுமே சொல்லலை. என் செருப்பு அறுந்துச்சு. கஸ்தூரியைக் கூப்பிட்டேன். உங்க முடியில பட்டுடுச்சு, நீங்க சிரிச்சீங்க. அப்புறம் உங்க செருப்பைக் கழட்டி எனக்குக் குடுத்துட்டு வெறுங்காலோட ஓடுனீங்க.”

“செருப்பா? நான் குடுத்தேனா?”

“குடுத்தீங்க.” மே மாதமா, மழையா, அன்றைக்கா, மறுநாளா, எதுவாகவும் இருக்கட்டும். கொடுத்தான். அது மட்டும் எந்த வெள்ளத்திலும் போகாது. அவர் முகத்தைப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று இன்னும் தத்தளித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் யோசிக்காமல் சொன்னாள், தாழ்ந்த குரலில், வேறு யாருக்கும் கேட்காத குரலில்: “சொல்லியிருந்தீங்கன்னாலும் நான் செருப்பைத் தூக்கியிருக்க மாட்டேன்.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அப்புறம் சாத்திய ஜன்னலைப் பார்த்தார். “அப்படியா” என்றார். மறுபடி, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, “அப்படியா.” மணிமொழி காபியோடு வந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, “என்னப்பா?” என்றாள். “அம்மாவுக்குச் சர்க்கரை போடலாமான்னு கேளு” என்றார். காபி குடித்தார்கள். கஸ்தூரி இறந்துவிட்டதைச் சொன்னாள், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்ஸ்டிடியூட் இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை என்றாள். ஞானப்பிரகாசம் எப்படி இருக்கிறார் என்று கேட்டார், பெயரைத் தெரிந்துவைத்திருந்தார். அதுவும் போனில் வந்திருக்கும். அவள் கிளம்ப எழுந்ததும், “ரோடு வரைக்கும் கூட வாங்களேன், ஆட்டோ எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாது” என்றாள். மணிமொழி அப்பாவைப் பார்த்தாள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். மகள் கிட்டே வந்து, ஒன்றும் சொல்லாமல் சரிசெய்துவிட்டாள்.

சாயங்கால வெயில் தெருவில் நீளமாகக் கிடந்தது. இரண்டு வாரம் கழித்து வெளியே வருகிறவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படியிறங்கினார். ஒரு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற இரண்டு பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதிர் வீட்டில் ஒரு அம்மாள் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவள் உடம்பு உள்ளே போகத் திரும்பியது, கால் மட்டும் திரும்பவில்லை. அவள் கண் முதலில் அவர் மேல் பட்டது, அப்புறம் ஃபிலோமினா மேல், அந்த மூக்கின் மேல், அங்கேயே நின்றது. அம்பலவாணன் நடையைக் குறைத்தார். இங்கே ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஃபிலோமினாவுக்குத் தோன்றியது, எழுதியதெல்லாம் ஞாபகம் வந்தது, இது நான்தான், இவர் நல்லவர், எந்தத் தவறும் செய்யவில்லை. அதற்குள் அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைத் தாண்டிக் கேட்டார்.

“விசாலம், உங்க போர் மோட்டார் சரியாயிடுச்சா?”

தண்ணீர் ஒரே செடியில் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அவரையும் இவளையும் பார்த்தாள், பையன்களைப் பார்த்தாள், கையிலிருந்த குழாயைப் பார்த்தாள்.

“எங்க சார்” என்றாள் கடைசியில். “ஆள் வர்றேன் வர்றேன்னு ஏமாத்திக்கிட்டிருக்கான். இது கார்ப்பரேஷன் தண்ணி.”

“யாரு, அந்த ரெட்டிப்பாளையத்து ஆளா?” என்று கேட்டுக்கொண்டே அவர் தெருவைக் கடந்து அவள் வீட்டு வாசல் கேட் பக்கமாகப் போனார். ஃபிலோமினா ஓரமாக, ஒரு வேப்ப மரத்து நிழலில் நின்று, அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.